நார்மல் லாஸ்

கடல் சும்மா செய்துகொண்டிருக்கிற வேலைகளுக்கெல்லாம் சம்பளம் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

வீட்டு ஹாலில் நாலடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, அதற்குள் பவளம் வளர்க்கிறவர்கள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அலையடிக்க வேவ்மேக்கர். சூரியனுக்கு பதில் எல்.இ.டி. குளிருக்கு ஹீட்டர், வெயிலுக்கு சில்லர். கழிவை நுரையாகத் திரட்டி வெளியே தள்ள புரோட்டீன் ஸ்கிம்மர். இத்தனையும் வாங்கிய பிறகு உப்புக் கணக்கு இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே தினமும் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். 'கடல் தொட்டிதானே' என்று உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தால் சில வாரங்களில் உள்ளே இருப்பது ஊறுகாய்.

தொட்டி வைத்த அன்றே மீனும் விட முடியாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பால் காய்ச்சின அன்றைக்கே சாமான் இறக்குகிற நமக்கு இந்தப் பொறுமை கொஞ்சம் கஷ்டம்.

என்னோடு பி.காம் படித்து, இப்போது நியூஜெர்சியில் கணக்கு எழுதுகிற நண்பன் ஒருவனுக்கு இந்தப் பைத்தியம் உண்டு. சென்னையில் இருந்திருந்தால் இப்படித் தொட்டி நிறையப் பவளம் வாங்கி வைத்திருக்க முடியாது. கடினப் பவளங்களை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை. தூத்துக்குடிப் பக்கம் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பிய ஊர்தான் நம்முடையது. தாமதமாகவாவது புத்தி வந்தது.

நண்பன் வாரம் தவறாமல் தண்ணீரைச் சோதிப்பான். கால்சியம் 420 இருக்கிறதா, காரத்தன்மை இறங்கிவிட்டதா என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பான். "என் சுகர் ரீடிங் என்னன்னு இத்தனை வருஷத்துல ஒரு நாள் கேட்டதில்லண்ணா" என்றார் அவன் மனைவி. ஆனால் 2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்துக் கரண்ட் போனபோது, ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றி அந்த மீன்களுக்கு மூச்சு கொடுத்தது அவரும்தான்.

இது புது வேலையும் இல்லை. 1846-ல் ஆனா தைன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, டார்கீ கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். பம்பு கிடையாது. அவர் வீட்டு வேலைக்காரப் பெண் திறந்த ஜன்னல் முன்னால் நின்றுகொண்டு, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றுவாள், நம் டீக்கடை மாஸ்டர் மாதிரி. சரித்திரத்தில் எஜமானியின் பெயர் இருக்கிறது. ஊற்றியவளின் பெயர் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்ப்பது, அந்த உயிரை வைத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்துவிடுமா?

நண்பனிடமே கேட்டேன். "டேய், கோமாளி மீன் கடல்ல இருந்தா எவன் வாய்க்குப் போகும்னு தெரியாது. என்கிட்ட வேளாவேளைக்குச் சாப்பாடு, வியாதி வந்தா மருந்து. இருபது வருஷம்கூட வாழும். இதுல என்னடா கொடுமை?" என்றான்.

லேசில் தள்ளிவிட முடியாத பதில். நாயும் கிளியும் வளர்க்கிறவர்கள் சொல்லும் சமாதானத்தைவிட இது எனக்குக் கனமாகவே பட்டது. ஆனால் அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்த மீனைப் பற்றி மட்டும் பேசுகிறான். காஸ்ட் அக்கவுண்டிங்கில் அவன் என்னைவிட அதிக மார்க் வாங்கியவன். அதனால் அந்தப் பாடத்தையே எடுத்தேன்.

வணிகவியல் படித்தவர்களுக்கு 'நார்மல் லாஸ்' ஞாபகம் இருக்கும். நூறு மீனை ஆளுக்கு 80 ரூபாய் என்று வாங்குகிறேன். வழியில் இருபது செத்துவிடும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததே என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்ட 8,000 ரூபாயை மிச்சமிருக்கும் எண்பதின் தலையில் ஏற்றுவேன். ஒரு மீன் 100 ரூபாய். எதிர்பாராத இழப்பு என்றால் லாப நஷ்டக் கணக்கில் தனி வரியாக வரும், நாலு பேர் கண்ணில் படும். எதிர்பார்த்த இழப்பு அப்படியில்லை. விலைக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

அதாவது, உயிரோடு துள்ளுகிற ஒரு மீனுக்கு நீங்கள் கொடுக்கிற நூறில் இருபது ரூபாய், செத்த மீனுக்கானது. 'நான் உயிருள்ள மீனைத்தான் வாங்கினேன்' என்று சொல்லலாம். பில்லும் அப்படித்தான் சொல்லும்.

வழியில் என்ன நடக்கிறது? பிலிப்பைன்ஸில் 1960-களில் தொடங்கிய ஒரு முறை உண்டு. சோடியம் சயனைடு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, பீய்ச்சும் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, பவள இடுக்கில் ஒளியும் மீன் மேல் அடிப்பார்கள். மீன் மயங்கும், கையால் அள்ளலாம். அதில் சில அங்கேயே சாகும், சில ஏற்றுமதிப் பையில் சாகும், சில வாங்கியவர் வீட்டில் ஒரு வாரம் நன்றாக நீந்திவிட்டுச் சாகும். அவரோ தண்ணீரில் ஏதோ கோளாறு என்று டெஸ்ட் கிட்டைத் தூக்குவார். சயனைடு பட்ட பவளமும் செத்துப்போகும். தடைச் சட்டம் வந்தும் முழுசாக ஒழியவில்லை. வலை போட்டு ஒழுங்காகப் பிடித்த மீனும் இதுவும் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இன்னொன்று, மாண்டரின் மீன். விரல் நீளம்தான். நீலமும் ஆரஞ்சுமாகப் பட்டுப்புடவை பார்டர் மாதிரி இருக்கும். பார்த்தவர்கள் வாங்காமல் வரமாட்டார்கள். அது நாள் முழுக்கக் கல்லில் ஊரும் கோபிபாட் என்ற பொடி உயிர்களைப் பொறுக்கித் தின்னும். புதுசான சின்னத் தொட்டியில் அவை சில வாரங்களில் தீர்ந்துவிடும். நீங்கள் போடும் தீனியைப் பெரும்பாலான மாண்டரின்கள் திரும்பிக்கூடப் பார்க்காது. சுற்றிலும் சாப்பாடு மிதக்க, வயிறு ஒட்டிப்போய் அது சாகும். வளர்ப்பவருக்கு அதன் மேல் பாசம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

பாசம் செய்த பெரிய வேலை ஒன்றும் இருக்கிறது. பிலிப் ஹென்றி காஸ் 1854-ல் 'தி அக்வேரியம்' என்ற புத்தகம் எழுதினார். கடற்கரைப் பாறைக் குட்டைகளில் இருக்கும் உயிர்களை அவ்வளவு ரசித்தவர். படித்தவர்களுக்கும் ஆசை வந்தது. வாளியும் உளியுமாகக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். டெவன் கரையின் குட்டைகளெல்லாம் சூறையாடப்பட்டதையும், அப்பா அதற்காக வருந்தியதையும் அவர் மகன் எட்மண்ட் 1907-ல் வந்த தன் நினைவு நூலில் எழுதினார்.

"அப்ப நான் தொட்டியை உடைச்சிடணுமா?" என்றான் நண்பன்.

வேண்டாம். கோமாளி மீனைக் கடலில் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. நம் மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் விஞ்ஞானிகள் அதைப் பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டிவிட்டார்கள். ரொம்பக் காலம் சண்டித்தனம் செய்த நீல டாங் மீனையும் 2016-ல் ஃப்ளோரிடாவில் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். பவளத்தைக்கூட ஒரு துண்டு வெட்டி நட்டு வளர்க்கலாம், முருங்கைக் கொம்பு மாதிரி.

இதற்கும் ஒரு எதிர்வாதம் உண்டு. எல்லோரும் பண்ணை மீனே வாங்கினால், வலை போட்டு நாணயமாகப் பிடிக்கிற தீவுக்காரன் என்ன செய்வான்? வருமானம் தரும் பாறையைத்தானே அவன் காப்பாற்றுவான்? நியாயமான கேள்வி. அவனையும் சயனைடுக்காரனையும் பிரித்துக் காட்ட ஒரு வழி இருந்தால் அவனிடமே வாங்கச் சொல்வேன். கடைக்காரரிடம் 'இது எங்கே, எப்படிப் பிடித்தது?' என்று கேட்டு, பதில் வராவிட்டால் வாங்காமல் திரும்புவது வரைக்கும்தான் இப்போதைக்கு எனக்குத் தெரிந்த வழி. நண்பன் அதற்கு ஒத்துக்கொண்டான், மாண்டரின் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இழுத்தான்.

அவனிடம் வேறொரு கதையும் சொன்னேன். ஸ்காட்லாந்தில் ஜான் கிரஹாம் டாலியெல் என்பவர் 1828-ல் ஒரு கடல் சாமந்தியைப் பிடித்து ஜாடியில் வளர்த்தார். 1851-ல் அவர் இறந்தார். சாமந்தி இருந்தது. அடுத்து வளர்த்தவர் இறந்தார், அதற்கடுத்தவரும் இறந்தார். 'பாட்டி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கைமாறிக் கைமாறி, 1887-ல்தான் அது கண்ணை மூடியது. பத்திரிகையில் இரங்கல் செய்தி வந்தது.

நண்பனுக்கு ஐம்பதை நெருங்குகிறது. அவனுடைய கோமாளி ஜோடிக்கு வயது மூன்று. அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் மகனிடம், "எனக்கப்புறம் தொட்டியை யார் பார்த்துப்பாங்க?" என்று கேட்டானாம். பையன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "எவ்ளோக்கு விக்கலாம்ப்பா?" என்றானாம்.