குடத்திலே எடுத்த கடல்

போன கிழமை ஒரு தம்பி கேட்டார்: "ஐயா, மரம், மண், நந்திக்கடல் எல்லாமே கடவுள் எண்டு நம்புறன். நான் ஆத்திகனோ, நாத்திகனோ?" பக்கத்திலை இருந்த தாய் குட்டக் கையை ஓங்கினா. குட்டாதேயுங்கோ அம்மா! கன காலமாய்க் கேட்டு வந்த கேள்வி அது.

ஐரோப்பாவிலை ஸ்பினோசா எண்டொருவர் இயற்கையும் கடவுளும் ஒண்டுதான் எண்டார். 1656 இலை, அவருக்கு 23 வயசு, ஆம்ஸ்டர்டாம் யூத சபை அவரை விலக்கி வைச்சது. நாத்திகன் எண்டு ஏசினவையும் உண்டு. கடவுள் பித்தேறினவர் எண்டு கொண்டாடினவையும் உண்டு. ஒரே மனுசன்!

எங்கடை சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார் என்ன செய்தார்? சிவஞான சித்தியார் பரபக்கத்திலை 14 மதங்களை விசாரிக்கிறார். முதல் ஆள் உலகாயதன், கண்ணாலை கண்டதுதான் மெய் எண்டவன். பிரமமே உலகமாய் மாறினது எண்ட பாற்கரியன் கடைசிக்குக் கிட்டத்தான் வாறான். எவ்வளவு தூரம் ஏறி வந்திட்டான்! ஆனால் அவனுக்கு அடுத்தது ஆர்? நிரீச்சுர சாங்கியன். ஈசுவரனே வேண்டாம் எண்டவன்.

வைகாசியிலை சிலாவத்தைக் கடலிலை தீர்த்தம் எடுக்கிறம். அந்த உப்புத் தண்ணியிலை காட்டா விநாயகர் கோயிலிலை விளக்கெரியுது, பிறகு வற்றாப்பளை அம்மாள் கோயிலுக்குப் போகுது. கடல் முழுக்க அம்மாள் எண்டால் குடம் ஏன்? குடத்துக்குள்ளைதான் அம்மாள் எண்டால் கடலுக்கு ஏன் போறம்? திரும்பவும் கேக்கிறன், குடம் ஏன், கடல் ஏன்? சிவன் உலகத்தோடை ஒன்றாய், வேறாய், உடனாய் நிக்கிறான். சிவஞானபோதம் இரண்டாஞ் சூத்திரம் படிச்சவைக்கு விளங்கும். படிக்காத ஆச்சிமாருக்கு இன்னும் நல்லாய் விளங்கும்.

உலகமெல்லாம் அவன் நிறைஞ்சிருக்கிறான். அது மெய். உலகமே அவன், வேறை ஒண்டுமில்லை எண்டு முடிச்சால், 2009 யுத்தத்திலை இந்த நந்திக்கடல் கரையிலை நடந்ததும் அவனோ? சொல்லுங்கோ! செல் விழேக்கை பிள்ளையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு "அம்மாளாச்சி!" எண்டு கத்தினியளே, ஆரைக் கூப்பிட்டியள்? மண்ணையோ? தண்ணியையோ? கேக்கிற ஒருத்தி இருக்கிறா எண்டுதானே கூப்பிட்டியள். எல்லாம் கடவுள் எண்டவனுக்கு வியக்கலாம், கைகூப்பலாம். அழுதால் கேக்க ஆளில்லை. அங்கைதான் அவன் சாங்கியனுக்குப் பக்கத்திலை நிக்கிறான்.

எண்டாலும் அந்தத் தம்பியை ஒருத்தரும் நாத்திகன் எண்டு சொல்லக்கூடாது. பாதி வழி வந்தவர். இந்த வைகாசி தீர்த்தமெடுக்க அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.