ஆளில்லாக் குடிலும் ஒரு கணக்குத் தாளும்

யாரும் பார்க்காத இடத்தில் மனிதன் நேர்மையாக இருப்பானா என்ற கேள்வி மிகப் பழையது. பிளேட்டோ தனது 'குடியரசு' நூலில் ஒரு மோதிரக் கதையைச் சொல்லி இக்கேள்வியை எழுப்புகிறார். இடையன் ஒருவனுக்கு அந்த மோதிரம் கிடைக்கிறது. அதைத் திருப்பினால் அவன் எவர் கண்ணுக்கும் புலப்படான். அதன் துணையால் அரசியைத் தன்வசப்படுத்தி, அரசனைக் கொன்று, ஆட்சியையும் கைப்பற்றி விடுகிறான். இத்தகைய மோதிரம் கிடைத்தால் நல்லவனும் கெட்டவனும் ஒரே வழியில்தான் போவார்கள் என்று உரையாடலில் வரும் கிளாக்கன் வாதிடுகிறான். ஆசிரிய கலாசாலையில் இக்கதை எமக்குப் பரீட்சைக்குரிய பாடம். அதை உயிருள்ள கேள்வியாக என்னிடம் கொண்டு வந்தவன் எனது பழைய மாணவன் ஒருவன்.

எங்கள் ஊர்க் கடற்றொழிலாளி ஒருவரின் மகன் அவன். 2017 ஆம் ஆண்டு நோர்வே நாட்டின் பெர்கன் நகரில் மீன்வளத் துறையில் முதுமாணிப் படிப்புப் படித்துக் கொண்டிருந்தான். செப்டெம்பர் மாத வார இறுதியொன்றில் அந்நாட்டுச் சக மாணவன் ஒருவன் அவனை மலைக்கு அழைத்துச் சென்றான். ஒஸ்லோ செல்லும் புகையிரதத்தில் ஏறி, மலை நடுவே ஒரு சிறிய நிலையத்தில் இறங்கி, சில மணித்தியாலங்கள் நடை. மஞ்சளாகிப் போன பேர்ச் மரங்கள், காலை உள்ளிழுக்கும் ஈரப்பாசி, விட்டுவிட்டுப் பெய்யும் மழை. வழிகாட்ட மனிதரில்லை. கற்களில் சிவப்பு நிறத்தில் தீட்டிய 'ரி' என்ற எழுத்து மாத்திரமே வழிகாட்டி.

மாலையில் அவர்கள் சென்றடைந்தது ஒரு மரக்குடில். நோர்வே மலையேற்றச் சங்கம் 1868 இல் தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் 550 க்கு மேற்பட்ட குடில்கள் அதன் வலையமைப்பில் உள்ளன. அவற்றுள் ஒரு வகைக் குடிலில் பொறுப்பாளர் என்று எவரும் இருப்பதில்லை. அங்கத்தவர் பிணைப்பணம் கட்டிப் பெற்ற பொதுத் திறப்பால் கதவைத் திறக்கலாம். உள்ளே படுக்கை, அடுப்பு, விறகு எல்லாம் உண்டு. களஞ்சிய அறையில் ரின்மீன், அரிசி, சூப் பக்கற், கோப்பி. வேண்டியதை எடுத்துச் சமைத்து உண்டு, விலைப்பட்டியலைப் பார்த்து, தங்கிய கட்டணத்தையும் எடுத்த பொருட்களையும் தாமே ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் இட வேண்டும். பணம் பின்னர் அறவிடப்படும். இப்போது கைத்தொலைபேசி மூலமும் செலுத்தலாம். எப்படிச் செலுத்தினாலும் எடுத்தவன் சொல்வதே கணக்கு.

இறைச்சி ரின்களைத் தவிர்த்து, தக்காளிக் குழம்பில் இட்ட மீன் ரின்களையே அவன் எடுத்தான். ஞாயிறு காலை நண்பன் ஏரிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்த வேளை, தாளை எடுத்து வைத்துக் கொண்டு தனியே அமர்ந்தான். ஒவ்வொரு குரோணரையும் ரூபாவாக மாற்றிப் பார்த்துச் செலவழித்த காலம் அது. அன்றிரவு தொலைபேசியில் சொன்னான்:

"சேர், மூணு ரின் எடுத்திட்டு ரெண்டெண்டு எழுதினாலும் கேட்க ஆளில்ல. நான் மூணெண்டுதான் எழுதினேன். ஆனா பயத்துல எழுதினேனா, நல்ல மனசுல எழுதினேனா எண்டுதான் எனக்கு விளங்கல்ல. நம்மட ஊர்ல இப்படி ஒரு ஊட்டத் திறந்து வெச்சா எத்தின நாளைக்கி சேர் சாமான் மிஞ்சும்?"

இரண்டாவது கேள்விக்குச் சுலபமான ஒரு விடை உண்டு: அவர்கள் நல்லவர்கள், நாம் கெட்டவர்கள். வெளிநாடு போய் வந்த பலர் இதைத்தான் சொல்கிறார்கள். என்னால் இதை ஏற்க முடிவதில்லை. நோர்வேயிலும் சைக்கிளைப் பூட்டித்தான் வைக்கிறார்கள். காசு எழுதாமல் போகிறவர்கள் குடில்களுக்கும் வருவதுண்டு. மறுபுறம், கதவே இல்லாத அம்பலங்களில் வழிப்போக்கர் இராத் தங்கிப் போன நாடு இது. எங்கள் ஊரில் வெட்டிச் சூடு வைத்த நெல் இரவில் வயலிலேயே கிடந்தது. தோணியும் கரையில் கிடந்தது. கடைக்காரர் கொப்பியில் எழுதிய கடனுக்குச் சாட்சி கிடையாது. நேர்மை ஒரு இனத்தின் இரத்தத்தில் ஓடுவதன்று. அது ஒரு ஏற்பாட்டில் வளர்வது. ஏற்பாடு குலைந்தால் அதுவும் குலைந்து விடும்.

அவனுடைய முதலாவது கேள்விதான் கடினமானது. மறைவானவற்றை அறிபவன் ஒருவன் இருக்கிறான் என்பது எமது நம்பிக்கை. ஆனால் அந்த நம்பிக்கையுள்ளவர்களும் தராசில் கை வைப்பதை நாம் காண்கிறோம். ஆகவே மனத்தில் வேறொன்றும் நிகழ வேண்டியிருக்கிறது.

அது எதுவென்பதற்கான தடயம் அவன் சொன்ன இன்னொரு விபரத்தில் இருந்தது. புறப்படுமுன் இருவரும் விறகு பிளந்து அடுப்பருகே அடுக்கினார்கள், கோப்பைகளைக் கழுவினார்கள், தரையைக் கூட்டினார்கள். அது அங்குள்ள ஒழுங்கு. அடுத்து வருபவன் மழையில் நனைந்து, விரல் விறைத்து வரக்கூடும். வந்ததும் தீ மூட்ட விறகு தயாராக இருக்க வேண்டும். வெள்ளி மாலை அவர்கள் வந்தபோதும் விறகு அப்படித்தான் இருந்தது. அதை அடுக்கியவரை அவர்கள் கண்டதில்லை. பாதையில் சிவப்பு எழுத்தைத் தீட்டியவர்களும் பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டர்களே. நாம் சிரமதானம் என்பதை அவர்கள் 'டுக்னாட்' என்கிறார்கள்.

பிளேட்டோவின் இடையனுக்கும் என் மாணவனுக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று எனக்குப் படுகிறது. இருவரையும் எவரும் பார்க்கவில்லை. ஆனால் இடையன் தன்னைத் தவிர வேறெவரையும் பார்க்கவுமில்லை. என் மாணவனோ தனக்கு முன் வந்தவரையும் பின் வரப் போகிறவரையும் அந்த விறகில் பார்த்து விட்டான். மூன்று என்று எழுதிய கை, விறகை அடுக்கிய அதே கைதான். அது பயத்தில் எழுதிய கையல்ல என்றே அவனுக்குச் சொன்னேன். கண்முன் இல்லாத மனிதரையும் காணும் ஆற்றலுக்குத்தான் மனச்சாட்சி என்று பெயர்.

இந்த ஆற்றலை நாம் பிள்ளைகளிடம் எப்படி வளர்க்கிறோம்? பெரும்பாலான பாடசாலைகளில் நூலகப் புத்தகங்கள் பூட்டிய அலுமாரிக்குள் இருக்கின்றன. பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் மேசைக்கு மேசை நடக்கிறார். இவை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினொரு வருடங்கள் காவலின் கீழ் மட்டுமே நேர்மையாக இருந்து பழகிய பிள்ளைக்கு, காவல் நீங்கிய இடம் சுதந்திரமாகத்தானே தோன்றும்?

நம்பிக்கையை முதலில் வைப்பவருக்கு இழப்பு நிச்சயம் உண்டு. அந்தச் சங்கம் அதைத் தாங்கிக் கொண்டு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. வகுப்பறை மூலையில் இருபது புத்தகங்களைப் பூட்டின்றி வைத்து, ஒரு கொப்பியையும் தொங்க விட்டால், தவணை முடிவில் நான்கைந்து குறையலாம். அந்த நான்கைந்தின் விலையைக் களவுக் கணக்கில் எழுதுவதா, கற்பித்தல் செலவில் எழுதுவதா என்பதை அதிபர்களும் பெற்றோரும் ஆசிரியர்களாகிய நாமும் கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும்.