மடுவில் தேங்கிய நீர்

நவராத்திரிக்கு வேளிமலை குமாரசுவாமி திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாக வந்தால் தங்குவது எங்கள் ஆரியசாலை பகவதி கோவிலில்தான். கூடவே வரும் சரஸ்வதி கோட்டைக்குள் போய்விடுவாள், முன்னுதித்த நங்கை செந்திட்டைக்கு. மூலவர் குமாரகோவிலிலேயே இருக்கிறார், வருவது உற்சவர். அந்த ஒன்பது நாளும் எங்கள் வீட்டில் கொலுப்படிக்குக் கீழே ஒரு கறுப்பு ரயில் என்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்.

கப்பலில் வேலை பார்த்த மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. லயோனல் கம்பெனி 1946-ல் விற்கத் தொடங்கிய 671-ஆம் எண் என்ஜின். கையில் எடுத்தால் அம்மிக்குழவி மாதிரி கனம். அது 110 வோல்ட் ஊரின் சாமான் என்பதை மறந்து முதல் வருஷம் அப்பா நேராகச் சுவரில் செருகிவிட்டார். டிரான்ஸ்பார்மர் கருகிய நாற்றம் சுண்டல் வாசனையையும் மீறி மூன்று நாள் கூடத்தில் நின்றது. அப்புறம் சாலைக் கடைத்தெருவில் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் பெட்டி ஒன்று வாங்கினோம். இன்றைக்கும் அதில்தான் ஓடுகிறது.

இந்தப் பொம்மைக்கு மூலம் பென்சில்வேனியா ரயில்வேயின் 6200-ஆம் எண் என்ஜின். பால்ட்வின் தொழிற்சாலை 1944-ல் செய்தது, ஒன்றே ஒன்று. சாதாரண நீராவி என்ஜினில் பிஸ்டன் முன்னும் பின்னும் போய்வந்து சக்கரத்தைத் தள்ளும். இதில் பிஸ்டன் கிடையாது. நீராவி டர்பைனின் தகடுகளில் மோதிச் சுழற்றும், அந்தச் சுழற்சி பற்சக்கரங்கள் வழியாகச் சக்கரங்களுக்குப் போகும். 6,900 குதிரைசக்தி. யுத்த காலத்தில் லேசான உலோகம் கிடைக்காததால் எடை கூடி, தாங்குவதற்கு முன்னால் ஆறு, பின்னால் ஆறு என்று சக்கரம் சேர்த்தார்கள். நடுவில் இழுக்கும் சக்கரம் எட்டு. வேகமாக ஓடும்போது அற்புதமாக இழுக்கும், மெதுவாகப் போனால் நீராவியை வாரி இறைக்கும். 1949-ல் ஓட்டத்தை நிறுத்தினார்கள். 1952-ல் உடைத்துப் போட்டார்கள்.

அதாவது, மூலவர் இல்லை. உற்சவர் மட்டும் ஊர் ஊராக இருக்கிறார். இது எனக்குப் பல வருஷமாக மனதில் கிடக்கிறது. மூலம் போனபின் உருவத்தில் எது மிச்சம்?

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசன பூஷணத்தில் பகவானின் ஐந்து நிலைகளையும் தண்ணீராகச் சொல்கிறார். உள்ளே உறைபவன் பூமிக்குள் ஓடும் நீர். அவதாரங்கள் பெருக்கெடுத்து ஓடிய ஆறு. ஆறு வடிந்தபின் அங்கங்கே மடுக்களில் தேங்கி நிற்கும் நீர்தான் கோவில் திருமேனி. ராமன் நடந்த காலத்தில் பிறக்காதவனுக்கும் தாகம் உண்டே! அவனுக்காக நிற்கிற நீர் அது. அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும்.

6200 அந்த ஆறு, என் பொம்மை மடு என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் மடுவில் இருப்பது அதே ஆற்று நீர். என் பொம்மைக்குள் டர்பைன் இல்லை, நீராவி இல்லை, ஒரு சின்ன மின்மோட்டார். இன்னொன்றும் உண்டு. சின்ன வயதில் புகைபோக்கிக்குள் வெள்ளை மாத்திரை ஒன்றைப் போடுவேன். சக்கரம் சுற்றச் சுற்ற, குபுக் குபுக்கென்று புகை விட்டுவிட்டு வரும். அது பிஸ்டன் என்ஜினின் மூச்சு. டர்பைன் அப்படி விம்மாது, ஒரே சீறலாகச் சீறும். ஆக, பொம்மை தன் மூலத்துக்குப் பொருந்தாத மூச்சை விடுகிறது.

முதலில் இதைக் குறையாகத்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. குழந்தைக்கு ரயில் என்றால் குபுகுபு. குழந்தை எட்டும் உயரத்துக்கு அந்தப் பேருருவை இறக்கியவர்கள், அவள் அறிந்த மூச்சையே அதற்குக் கொடுத்தார்கள். எளிமை என்று ஆசார்யர்கள் உருகுவதும் பகவான் இப்படி இறங்கி வருவதைத்தான்: நாம் உடுத்துவதை உடுத்தி, நாம் உண்பதை உண்டு, நாம் எழுப்பினால் எழுந்து. ஒரு வித்தியாசத்தை நான் மறைக்க மாட்டேன். பொம்மையை மனிதர்கள் இறக்கினார்கள். திருமேனியில் அவன் தானாகவே இறங்குகிறான் என்பது எங்கள் நம்பிக்கை. 'தானாகவே' என்ற அந்த ஒரு சொல்லில்தான் பக்தி முழுவதும் நிற்கிறது, அதை நான் எந்தப் பொம்மைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன வருஷம் சரஸ்வதி பூஜை அன்று பேத்தி சந்தனக் கிண்ணத்தோடு என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பாட்டி, இதுக்கு நெத்தி எங்கே?" என்றாள். முன்விளக்குக்கு மேலே காட்டினேன். மோதிர விரலால் பொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்தாள். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைக்கும்போது, என்ஜினையும் தண்டவாளத்திலிருந்து எடுத்து, பழைய வேட்டித் துண்டில் சுற்றி அதன் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.