உடைந்த வீணையும் ஓர் அறவினாவும்

பழுதுற்ற பொருளைச் செப்பஞ் செய்தல் தச்சன் தொழில் எனக் கொள்வது உலக வழக்கு. ஆயின், பேரழிவு கண்ட மண்ணில் அஃது ஓர் அறவினாவாகவும் எழுகின்றது. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் 2009 இல் முடிவுற்ற போரையும் கண்டது முல்லைத்தீவு. அங்கு மீளக் குடியமர்ந்த இல்லமொன்றில், தண்டி பிளந்த வீணையொன்று எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். அதனைச் செப்பஞ் செய்தல் முறையா? உடைந்தவாறே பேணுதல் முறையா?

உடைவே சான்று; அதனை ஒட்டி மெருகிட்டால் நிகழ்ந்தது நிகழாததாகிவிடும் என்பர் ஒரு சாரார். இவ்வாதம் எளிதில் ஒதுக்கற்பாலதன்று. இழந்தோரை மறக்குமாறு பிறர் பணித்தல் அறமாகாது. எனினும், வீணையின் இயல்பையும் நோக்குதல் வேண்டும். அதன் 24 மெட்டுகளும் கருமெழுகிலேயே பதிக்கப்படுகின்றன. மெழுகு இளகினால் மெட்டு நிலைபெயரும். சுரமறிந்து மீளப் பதித்தல் வேண்டும். நரம்புகளும் தேய்ந்து மாற்றப்படுவனவே. எனவே, மீண்டும் மீண்டும் செப்பமுறுதலாலேயே வீணை வீணையாக நிலைக்கின்றது.

செப்பமும் பயிற்சியும் அற்றவழி நேர்வது யாது? அதற்கு யாழே சான்று. வற்றாப்பளைக் கண்ணகியம்மனை வழிபடும் மக்கள் கோவலன் கதையைக் கூத்தாகக் கண்டறிவர். அவன் கானலில் இசைத்த யாழொலியையோ எவரும் கேட்டிலர். சிலப்பதிகார அரங்கேற்றுகாதையை ஆராய்ந்த சுவாமி விபுலாநந்தர், 1947 இல் வெளிவந்த யாழ் நூலில், கணித நெறியால் அதன் இசையிலக்கணத்தை விளக்கினார். இலக்கணம் மீண்டது, வழிவழியாக யாழிசைத்த கைகள் மீளவில்லை.

அவ்வாறாயின், செப்பஞ் செய்வதாற் சான்று அழியுமே எனலாம். அழியவேண்டுவதில்லை என்பதற்குச் சீனரின் ஏழு நரம்புக் கருவியாகிய குச்சின் எடுத்துக்காட்டாகும். அதன் அரக்குப் பூச்சில் முதுமையால் தோன்றும் வெடிப்புகளை அவர்கள் சிறப்பெனப் போற்றுவர். பழுது தீர்த்தோர், அதனைத் தீர்த்த ஆண்டினைக் கருவியின் உள்ளே எழுதிவைப்பதும் உண்டு.

முல்லைத்தீவு வீணைக்கும் இந்நெறி பொருந்தும். எப்போது செப்பஞ் செய்வது எனத் துணியும் உரிமை அதனை உடையவர்க்கே உரியது. செய்யுங்கால், தழும்பு தெரியவே தண்டி ஒட்டப்படுக. உடைந்த ஆண்டும் உள்ளே எழுதப்படுக. பின்னர் அது கற்கும் ஒரு சிறுமியின் மடியிற் சேர்க. அவள் விரல் நரம்பிற் படும்பொழுதே செப்பம் நிறைவுறும். தழும்பின் வரலாற்றை அவள் வினவும்பொழுது சான்றும் நிலைபெறும்.