வீடும் இரண்டாம் சீலமும்

தமிழில் வீடு என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. நாம் குடியிருக்கும் மனை ஒன்று. பற்றறுத்தார் எய்தும் விடுதலை மற்றொன்று. ஒரு சொல்லே இவ்விரண்டையும் சுட்டுவதைக் கண்டு, மும்மணிகளைச் சரணடைந்தவர் சொந்த மனையின்மீது ஆசை வைத்தல் தகுமோ என்று அன்பர் சிலர் வினவுவதுண்டு.

தகும் என்பதே நம் விடை. துறவிக்கு ஒரு நெறியும் இல்லறத்தார்க்கு ஒரு நெறியும் வகுத்தருளியவர் பகவான் புத்தர். கோலிய நாட்டுத் தீகஜாணு என்பான், ‘நாங்கள் மனைவி மக்களோடு வாழ்பவர்கள், எங்களுக்கு ஏற்றதைக் கூறுக’ என வேண்டியபோது, அவனைக் காட்டுக்குப் போகுமாறு அவர் பணிக்கவில்லை. முயற்சி, ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, வரவறிந்து வாழ்தல் ஆகிய நான்கையுமே கூறினார். அனாதபிண்டிகருக்கோ இல்லறத்தார் எய்தும் இன்பங்கள் நான்கு எனத் தொகுத்துரைத்தார். பொருளுடைமை, அப்பொருளைத் துய்த்தல், கடனின்மை, பழியின்மை என்பன அவை. முதல் மூன்றும் சேர்ந்தாலும் நான்காவதன் பதினாறில் ஒரு பங்குக்கும் ஈடாகா என்பது அவ்வுரையின் முடிபு. பதினாறில் ஒன்றை நம் முன்னோர் வீசம் என்பர். ஆகவே வீடு வாங்கலாமா என்பதன்று நம்முன் உள்ள வினா. வாங்கும் முறையில் பழி கலந்தால், கிடைத்த வீடு இழந்த இன்பத்தின் வீசம் பெறுமா என்பதே வினா.

இவ்வினா நமக்கு ஏட்டளவில் எழுந்ததன்று. கொச்சியில், மட்டாஞ்சேரிக்குத் தெற்கே பள்ளுருத்தியில், நம் உபாசகர் ஒருவரும் அவர் மனைவியாரும் தம் வாழ்வில் முதன்முறையாக ஒரு வீடு வாங்க முற்பட்டனர். இருவரும் உழைத்து ஈட்டுபவர். பதினொரு ஆண்டுகள் வாடகை அறைகளில் வாழ்ந்தவர். அவர்கள் கண்டது நான்கு சென்ட் நிலமும், அதன்மேல் நிற்கும் பழைய ஓட்டு வீடும். சுவர் வெட்டுக்கல்லால் ஆனது. கூரை மங்களூர் ஓடு. கைமரங்களில் பாதி உளுத்திருந்தன; சுவரின் அடியில் உப்புப் பூத்திருந்தது. ஆயினும் அடித்தளம் உறுதி, கிணற்று நீர் நன்று. விலை 40 லட்சம் ரூபாய் என முடிவாயிற்று.

அப்போது விற்பவர் ஒன்று சொன்னார். ‘ஆதாரத்தில் 25 லட்சம் என்றே எழுதுவோம். மீதி 15 லட்சத்தை ரொக்கமாகத் தந்துவிடுங்கள். உங்களுக்கும் ஆதாயம், எனக்கும் ஆதாயம்.’ கேரளத்தில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 8, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. உண்மை விலையை எழுதினால் அரசுக்குச் செலுத்த வேண்டியது 4 லட்சம். குறைத்தெழுதினால் இரண்டரை லட்சம். மிச்சம் ஒன்றரை லட்சம். கூரையைப் பிரித்துக் கைமரம் மாற்றி ஓடு வேய்வதற்குத் தச்சர் சொன்ன மதிப்பும் ஏறத்தாழ அதுவே. மழைக்காலம் தொடங்க மூன்று மாதமே இருந்தது. ரொக்கமாகக் கேட்ட தொகைக்குச் சேமிப்பும் அம்மையாரின் நகையும் இருந்தன. உறவினர், அண்டை வீட்டார் அனைவரும், ‘ஊரெல்லாம் செய்வதுதானே’ என்றனர்.

இருவரும் நம்மிடம் வந்தனர். அம்மையார் கேட்டது இது: ‘ஐயா, களவு என்றால் இழந்தவர் ஒருவர் இருக்க வேண்டுமே. விற்பவர் மனமொப்பித் தருகிறார், நாங்கள் மனமொப்பி வாங்குகிறோம். இதில் யாருடைய பொருளை நாங்கள் எடுக்கிறோம்?’

நேர்மையான வினா. இதற்கு விடை தேடினால், வியப்புக்குரியதொன்றைக் காண்கிறோம். கொடுக்கப்படாததை எடுத்தல் பற்றி விநயத்தில் விதி பிறந்ததே ஒரு வீட்டு மரத்தை முன்னிட்டுத்தான்.

இராசகிருகத்தில் தனியன் என்னும் பிக்கு இருந்தார். குயவர் குலத்துப் பிறந்தவர். அவர் வேய்ந்த புற்குடிலை விறகும் புல்லும் எடுப்போர் மும்முறை பிரித்துச் சென்றனர். பின் களிமண்ணால் குடில் செய்து சுட்டெடுத்தார். சிற்றுயிர்களுக்கு இரங்காத செயலெனப் பகவான் அதை உடைப்பித்தார். இனி மரத்தால் கட்டுவோம் என்று எண்ணிய தனியர், அரசனுடைய மரக்கிடங்கின் காவலனிடம் சென்று, ‘அரசர் எனக்கு மரம் தந்துள்ளார்’ என்றார். காவலன் நம்பினான், மரம் போயிற்று. செய்தி வெளியானபோது கட்டுண்டு அரசன்முன் சென்றவன் அக்காவலனே. தனியரும் உடன் சென்று, முடிசூடிய நாளில் சமணர்க்குப் புல்லும் மரமும் நீரும் உரியன என்று அரசர் கூறியதைச் சான்று காட்டினார். பிம்பிசாரனோ, அது காட்டில் உரியவரின்றிக் கிடப்பவற்றைக் குறித்ததென விளக்கி, துறவி என்பதால் தண்டியாது விடுத்தான். மக்கள் பழித்தனர். அதன்மேல் பகவான், முன்னாளில் நீதி அலுவல் பார்த்துப் பின் துறவு பூண்ட பிக்கு ஒருவரை அழைத்து, எவ்வளவு பொருளைக் களவாடினால் மகத அரசன் தண்டிக்கிறான் என வினவினார். ஒரு பாதம், அதாவது ஐந்து மாசகம், என்பது விடை. அவ்வளவையே எல்லையாகக் கொண்டு விதி அமைந்தது.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டியவை மூன்று.

முதலாவது, அந்த மரம் யாருடையது என்பது. அது அரசன் தன் மாளிகைக்கு வைத்திருந்ததன்று. நகரத்தைப் பழுது பார்ப்பதற்கும் ஆபத்துக் காலத்துக்கும் எனச் சேர்த்து வைத்தது என்று விநயம் தெளிவாகக் கூறுகிறது. அம்மையார் கேட்ட வினாவுக்கு விடை இதுவே. இழப்பவர் உளர், ஆனால் ஒருவராக நம்முன் நிற்பதில்லை. பள்ளுருத்தி கடலுக்கும் காயலுக்கும் இடையே தாழ்ந்து கிடக்கும் ஊர். 1967ஆம் ஆண்டில் கொச்சி மாநகராட்சியோடு இணைந்தது. ஓதம் ஏறும் நாள்களில் மேற்குக் கொச்சியின் தாழ்ந்த பகுதிகளில் உப்புநீர் முற்றத்துக்கே வந்துவிடுகிறது. தோடுகளைத் தூர்வாரவும் கரைகளை உயர்த்தவும் பொதுப்பணமே வேண்டும். 2018ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் கேரள மக்கள் கைநீட்டியதும் பொதுக் கருவூலத்தை நோக்கியே. மகதத்தின் மரக்கிடங்கும் இக்கருவூலமும் ஒன்றே. அதிலிருந்து ஒன்றரை லட்சத்தை எடுத்து நம் கூரைக்குக் கைமரம் வாங்குவது தனியர் செய்த அதே செயல்.

இரண்டாவது, களவின் அளவைப் பகவான் தாமே வகுக்காமல் நாட்டுச் சட்டத்தைக் கேட்டறிந்தார் என்பது. சுங்கச் சாவடியில் தீர்வை செலுத்தாமல் பொருளை மறைத்துக் கடத்துவதையும் விநயம் களவின் வகைகளுள் வைத்துப் பேசுகிறது. ‘அரசே நியாய விலை குறித்திருக்கிறதே, அதற்குமேல் எழுதுவானேன்?’ என்பாருண்டு. 2010ஆம் ஆண்டு முதல் கேரளத்தில் நிலத்துக்கு நியாய விலை குறிக்கப்பட்டுள்ளது மெய்யே. அதற்குக் கீழே எழுதலாகாது என்பதே அதன் கருத்து. அதற்குமேல் கைமாறிய பணத்தை மறைக்கலாம் என்பதன்று. நிலமும் வீடும் விற்பவர் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுதலை 2015ஆம் ஆண்டிலேயே வருமானவரிச் சட்டம் விலக்கிவிட்டது. அரசனின் சொல்லைத் தமக்கு ஏற்பத் திரித்துக்கொண்ட தனியரை நாம் நகைக்கிறோம். நியாய விலையைச் சான்று காட்டும் நாமும் அதையே செய்கிறோம்.

மூன்றாவது, கட்டுண்டவன் காவலன் என்பது. ஒரு பொய், சொன்னவனோடு நிற்பதில்லை. பத்திரத்தில் விலையைக் குறைத்தால் எழுதுபவரும் சாட்சியிடுவோரும் அதில் பங்காகின்றனர். கணவனும் மனைவியும் தம் இல்லறத்தின் முதல் ஏட்டிலேயே பொய்க்குக் கீழே சேர்ந்து கையெழுத்திடுகின்றனர். இரண்டாம் சீலத்தோடு நான்காம் சீலமும் உடைகிறது.

இனி, நம்மவர் சிலர் மனத்தில் இருக்கும் வேறொரு மறுப்பை மறைக்காமல் எடுத்துரைப்போம். ‘தலைமுறை தலைமுறையாக நம்மை நிலமற்றோராக வைத்த நாடு இது. அதன் அரசுக்கு நாம் ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டும்?’ என்பது அம்மறுப்பு. அதன் வேதனை உண்மையானது. வில்லியம் லோகன் 1887ஆம் ஆண்டு வெளியிட்ட மலபார் நூலில், குடியிருப்பின் பெயரே சாதிதோறும் மாறியதைக் குறித்துள்ளார். பறையர் உறைவது சேரி. செறுமர் உறைவது சாளை. தச்சரும் கொல்லரும் உறைவது புரை. நாயர் உறைவதே வீடு. நம்பூதிரி உறைவது இல்லம். வீடு என்ற சொல்லே நம்மனோர்க்கு இல்லை. 1913ஆம் ஆண்டில் கொச்சிப் புலையர் மக்கள் ஒன்றுகூட விரும்பியபோது, நின்று பேச நிலமில்லாமையால் எறணாகுளத்துக் காயலில் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, நீரின்மேல் கூட்டம் நடத்தினர். பள்ளுருத்தி அழகியகாவில் தனு மாதத்தில் நடக்கும் புலவாணிபச் சந்தையும், ஒடுக்கப்பட்டோர் கோயிலருகே வர ஒரே ஒரு நாள் இசைவு பெற்றதன் நினைவே என்று ஊர்வழக்குக் கூறும். பாயும் பானையும் வீட்டுக்கு வேண்டிய பிறவும் அங்கே விற்றன. அவற்றை வைக்கும் வீடு பலர்க்கு இல்லை.

இவையெல்லாம் மெய். ஆனால் இதிலிருந்து பெறப்படும் முடிவு அம்மறுப்புக்கு நேர்மாறானது. நிலமிழந்தோர் கையில் இல்லாதிருந்தது எது? பெயர் எழுதிய பத்திரம். வாய்மொழியும் வழக்கமும் வலியோர்க்கு உதவின. எழுத்தும் பதிவும் எளியோர்க்கு உதவுகின்றன. பதிவேட்டில் உள்ளது உண்மை என்னும் நம்பிக்கை குலைந்தால் முதலில் வீழ்பவர் வலியோர் அல்லர். பல தலைமுறைக்குப்பின் நம் பெயர் ஏறும் முதல் ஏட்டைப் பொய்யால் தொடங்குவது நமக்கு நாமே இழைக்கும் தீங்கு.

சார்பிற்றோற்றத்தைக் கற்றவர்க்கு இன்னொன்றும் விளங்கும். விற்பவர் ஏன் குறைத்தெழுதச் சொன்னார்? முன்பு அவர் வாங்கியபோது குறைத்தெழுதியிருந்தார். இப்போது உண்மை விலையைக் காட்டினால் ஆதாயம் பெரிதாகி வரியும் பெருகும். அவர்க்கு விற்றவர்க்கும் அதுவே காரணமாயிருந்திருக்கும். இன்று 25 லட்சம் என்று எழுதி வாங்குபவர், விற்கும் நாளில் அடுத்தவரிடம் அதே சொல்லைச் சொல்வார். வீட்டோடு சேர்ந்து பொய்யும் கைமாறுகிறது. விற்பவர் கொடியவர் அல்லர். சங்கிலியில் ஒரு கண்ணி. ஒருவர் இழப்பை ஏற்றுக்கொண்டாலன்றி அது அறுவதில்லை.

நாம் இவற்றைச் சொன்னோம். முடிவு செய்தது அவர்களே. விற்பவரிடம் சென்று, உண்மை விலையையே எழுத வேண்டும் என்று பணிவாகக் கூறினர். அவர் சினந்தார், ஒரு வாரம் வேறொருவரைத் தேடினார், பின் தம் வரிச்சுமைக்காக விலையில் ஒரு லட்சம் கூட்டிக் கேட்டார். பேசி அரை லட்சத்தில் முடித்தனர். நாற்பதரை லட்சம் என்றே பத்திரம் எழுதப்பட்டது. கூரைக்கு வைத்திருந்த பணம் அதில் கரைந்தது. அந்த ஆண்டு முன்னறையின் கூரையை மட்டுமே மாற்றினர். நல்ல பழைய ஓடுகளைக் கழுவி அங்கே அடுக்கினர். பின்கட்டின்மேல் தார்ப்பாய் விரித்தனர்.

காசியப புத்தரின் குடிலுக்காகத் தன் வீட்டுக் கூரைப்புல்லைத் தந்து மகிழ்ந்த கடிகாரன் என்னும் குயவனின் வீட்டில், மூன்று மாதம் கூரையின்றியும் மழைநீர் விழவில்லை என்று சுத்தம் கூறும். இவர்கள் வீட்டில் விழுந்தது. ஆடி மாதம் முழுதும் பாத்திரங்களை வைத்து நீர் ஏந்தினர். சீலம் காத்தவர்க்கு உலகியல் இழப்பு இல்லை என்று நாம் பொய்யுறுதி கூறமாட்டோம். இழப்பு உண்டு. அவ்விழப்பைத் தாங்க இயலுமா என்று எண்ணியே சீலத்தை ஏற்க வேண்டும்.

இப்போது அவ்வீட்டில் சுவர் வேலை நடக்கிறது. உப்பேறிய வெட்டுக்கல்லின்மேல் சிமெண்டு பூசினால் பார்வைக்கு அழகாயிருக்கும். ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் சில ஆண்டில் பூச்சைப் பொருமச் செய்து உதிர்க்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும்; நாளும் உழைப்பும் மிகுதி. அவர்கள் சுண்ணாம்பையே தேர்ந்தனர். ஓராண்டில் இயன்ற அளவு பூசி, மறு ஆண்டில் தொடர்கின்றனர்.

அன்பர்களே, முன்பே குறைத்தெழுதி வாங்கியோர் நம்மிடையே இருப்பர். அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. செய்ததைச் செய்தோம் என ஒப்புதலும், இனிச் செய்யோம் எனத் துணிதலுமே தம்மத்தில் திருத்தத்தின் வழி. விற்க நேரும்போது உண்மை விலையை எழுதுவோம் என்றேனும் இன்று உறுதி கொள்ளலாம். வரியாகப் போவதைச் சங்கிலியை அறுத்த கூலியாகக் கொள்ளலாம். புதிதாக வாங்குவோர் விலை பேசும்போதே தீர்வையையும் சேர்த்துக் கணக்கிடுக. அத்தொகைக்கு வழியில்லையேல் சிறிய வீட்டைத் தேடுக.

அந்த அம்மையார் அண்மையில் நம்மிடம் கூறியது ஒன்று. மழை பெய்த இரவுகளில் நீர் சொட்டும் ஓசையால் விழிப்பு வந்ததாம். பத்திரத்தை நினைத்து ஒருநாளும் விழிப்பு வந்ததில்லையாம். பகவான் நான்காவதாக வைத்த இன்பம் அதுவே.