சொல்லாது விற்றல்

மனை வாங்குபவரின் கையில் இன்று காகிதங்களுக்குக் குறைவில்லை. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு வரைபடம் யாவும் ஓர் உறையில் வந்துவிடுகின்றன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாக்கி விற்போர், முதலில் அதற்கென அமைந்த ஆணையத்தில் பதிவு செய்து, நிலத்தின் உரிமையையும் வில்லங்கத்தையும் பிரமாணமாக அறிவித்தாக வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். உரிமையில் குறையிருந்து நட்டமடைந்தவர் எத்தனை ஆண்டு கழிந்தும் ஈடு கேட்கலாம். காலவரம்பு அதனைத் தடுக்காது. நல்ல சட்டந்தான்.

நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. எல்லாக் காகிதங்களையும் கொடுத்துவிட்டவர், எல்லாவற்றையும் சொல்லிவிட்டவர் ஆவாரா?

வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். ஐப்பசியில் அந்த மனையில் முழங்கால் அளவு நீர் நிற்பதை எந்தப் பதிவாளரும் எழுதி வைப்பதில்லை. சபராளி மகன் விடுமுறையில் வந்து பார்ப்பதோ சித்திரையில். தரை வெடித்துக் கிடக்கிறது. எல்லைக் கற்களுக்கு மஞ்சள் பூசியிருக்கிறார்கள். அது பழைய வாய்க்காலின் பள்ளம் என்பது விற்பவருக்குத் தெரியும். "அவர் கேட்கவில்லை, நாம் சொல்லவில்லை" என்பார். இதனைப் பொய் என்று எவரும் கூறுவதில்லை, சாமர்த்தியம் என்கிறோம்.

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இதனை எண்ணிப் பார்த்திருக்கிறது. விற்பவர் அறிந்து, வாங்குபவர் அறியாது, சாதாரணக் கவனத்தால் கண்டறியவும் இயலாத முக்கியக் குறையை விற்பவரே சொல்ல வேண்டும். சொல்லாமை மோசடி என்கிறது அதன் 55-ஆம் பிரிவு. ஆனால், 'சாதாரணக் கவனம்' என்னும் இரு சொற்களின் இடுக்கில் நுழைந்து தப்புவோர் உண்டு. அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கலாமே என்பது அவர்கள் வாதம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்கள் ஈரமாயின. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று அண்ணலார் வினவினார்கள். வாங்க வந்தவன் ஏன் கைவிட்டுப் பார்க்கவில்லை என்று கேட்கவில்லை. நாற்பது பக்கக் கட்டின் முப்பத்தேழாம் பக்கத்தில் குறையை எழுதிவைப்பவரும் ஈரத்தை அடியில்தான் வைத்திருக்கிறார்.

இக்கடமை விற்பவருக்கு மட்டும் உரியதன்று. மனைப்பிரிவு போடுபவர் முதலில் அந்த வயலை யாரிடமோ வாங்குகிறார் அல்லவா? தம் உரிமை எவ்வளவு என்பதை விற்பவர் அறியாமல், அதன் மதிப்பைக் கூட்டும் உண்மையை வாங்குபவர் அறிந்திருந்தால், அவர் அதனைச் சொல்லியாக வேண்டும் என்றும் அதே பிரிவு விதிக்கிறது. பிள்ளையில்லாத விதவை மூதாட்டி ஒருவர், கணவர் நிலத்தில் தமக்கு எட்டில் ஒன்றுதான் என்று நம்பிக் கைநாட்டு வைக்கிறார். பிள்ளையில்லாத மனைவிக்கு நான்கில் ஒன்று. மனை போடுபவருக்கு அது தெரியும். பதிவு அலுவலகத்துப் பலகையில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நமக்கும் தெரியும்.