கடனாளியின் கையில் சாவி

'கடன் அன்பை முறிக்கும்' என்று பலகை எழுதிக் கடையில் மாட்டுவது நம்மவர் வழக்கம். கடன் அன்பை மட்டுந்தானா முறிக்கிறது? ஒருவர் வகிக்கும் உத்தியோகத்தையும், அவர்மீது அரசாங்கம் வைத்த நம்பிக்கையையும்கூட முறித்துவிடுகிறது. கேலாங் சாலையிலும் ஜூ சியாட்டிலும் கடை வைத்திருக்கும் நம்மில் பலருடைய பிள்ளைகள் இன்று கல்லாவில் உட்காருவதில்லை. காவல் துறையிலும், குடிநுழைவுத் துறையிலும், அமைச்சுகளிலும் பணி புரிகிறார்கள். ஆகவே இவ்விஷயத்தைப் பற்றி நாம் சற்று ஆழ்ந்து சிந்திப்பது அவசியமாகிறது.

சிங்கப்பூரில் அரசாங்க ஊழியர்கள், தாம் பண நெருக்கடியில் சிக்கியிருக்கவில்லை என்று ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்க வேண்டும். திவாலானவரும், ஈடின்றி வாங்கிய கடன் மூன்று மாதச் சம்பளத்தை மிஞ்சியவரும் நெருக்கடியில் இருப்பவராகவே கருதப்படுகிறார். உண்மையை மறைத்துக் கையெழுத்திட்டால், அந்த மறைப்பே ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியதாகிவிடும்.

இது புதிய ஏற்பாடன்று. பிரிட்டிஷார் ஆண்ட நாட்களிலேயே, கடனில் மூழ்கிய உத்தியோகஸ்தர் வேலைத் திறம் குன்றியவர் என்று கருதும் விதி இருந்தது. இந்தியாவிலும் மத்திய அரசு ஊழியருக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 17-ஆம் விதி இதைப் பற்றியதே. ஓயாக் கடனாளியாக இருக்கலாகாது என்றும், கடனுக்காக வழக்கு வந்தால் முழு விவரத்தையும் உடனே மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. அமெரிக்காவில் அரசாங்க இரகசியங்களைக் கையாளுவோருக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதற்கு ஒருவரைப் பதின்மூன்று தலைப்புகளில் சோதிக்கிறார்கள். அவற்றில் ஒன்று பண விவகாரம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கடன்பட்டவன் கயவனா? கடன் வாங்குவதே இழுக்கு என்று வியாபாரிகளாகிய நாம் சொல்ல இயலாது. மொத்த வியாபாரியிடம் தவணைக்குச் சரக்கு எடுக்காத கடை நம் வட்டாரத்தில் ஏது? தகப்பனாரின் வைத்திய செலவுக்காகக் கடன்பட்டவனையும், சூதாட்டத்தில் தோற்றுக் கடன்பட்டவனையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகுமா?

நியாயமாகாது என்பதே நமது அபிப்பிராயம். ஆனாலும் அரசாங்கத்தின் அச்சத்தில் பொருள் இல்லாமலில்லை. நம்மையே கேட்டுக் கொள்வோம். கடைப் பெட்டியின் சாவியை யாரிடம் கொடுக்கிறோம்? ஏழை என்பதற்காக ஒருவரிடம் கொடுக்காமல் இருப்பதில்லை; பத்து வெள்ளி சொந்தமாக இல்லாத எத்தனையோ பேர் முதலாளியின் இலட்சங்களைக் காத்திருக்கிறார்கள். வெளியே யாருக்கோ பயந்து கொண்டிருப்பவர் என்று தெரிந்தால்தான் கொடுக்கத் தயங்குகிறோம். கடன் ஏறியவரின் மனம் இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிறது.

இதற்கு உதாரணங்கள் உண்டு. அமெரிக்க உளவுத் துறையில் உயர் பதவி வகித்த ஆல்ட்ரிச் ஏம்ஸ், கடன் தொல்லையில் இருந்த 1985-ஆம் ஆண்டில் சோவியத் தூதரகத்தில் நுழைந்து இரகசியங்களை 50,000 டாலருக்கு விற்கத் தொடங்கினார். 1994-இல் அவர் பிடிபடுவதற்குள், அவர் காட்டிக் கொடுத்தவர்களில் பலர் உயிரிழந்துவிட்டனர்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2013 ஜூலை 10-ஆம் தேதி நமது சிங்கப்பூரில் கோவன் பகுதியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பதினான்கு ஆண்டுகள் காவல் துறையில் பணி செய்த ஒருவருக்கு வங்கிக் கடன் 61,000 வெள்ளிக்கு மேல் இருந்தது. திவாலாகும் நாள் நெருங்கியது. வேலையும் போய்விடும் என்ற பயம் வேறு. வயதான வியாபாரி ஒருவர் தமது பாதுகாப்புப் பெட்டகம் குறித்து முன்பு போலீசில் புகார் கொடுத்திருந்தார். உத்தியோக முறையில் அறிய வந்த அந்தச் செய்தியையே அந்த ஊழியர் கொள்ளைக்குப் பயன்படுத்தினார். வியாபாரியும் அவருடைய மகனும் கொலையுண்டனர். குற்றவாளி 2025 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். கடன் உள்ளவர்கள் எல்லோரும் இப்படி ஆகிவிடுவார்கள் என்று கூறுவது பெரும் பாவம். ஆயினும் ஒரு வியாபாரி நம்பிச் சொன்ன செய்தி, கடனால் கலங்கியிருந்த ஒருவரின் கைக்குப் போனதையும், அதனால் விளைந்த கேட்டையும் நாம் கவனிக்க வேண்டும்.

இவ்வழக்கிலேயே மற்றொரு பாடமும் உண்டு. கடனைவிட, கடன் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயமே சிலரை இருட்டுக்குள் தள்ளுகிறது. அப்படியானால், ஆபத்தைத் தடுக்க வந்த விதியே ஆபத்தை வளர்க்கவும் கூடும் அல்லவா? கொலைக்கும் களவுக்கும் பயம் ஒரு சமாதானமாகாது. எனினும் விதி வகுப்போரும், முதலாளிகளாகிய நாமும், உண்மையைச் சொல்ல வருபவருக்கு ஒரு வாசலைத் திறந்து வைப்பது கடமையாகும். அமெரிக்க விதிகள் இதை உணர்ந்திருக்கின்றன. நோய், வேலையிழப்பு, குடும்பத்தில் மரணம் முதலிய காரணங்களால் கடன்பட்டு, மறைக்காமல், நேர்மையுடன் அடைக்க முயல்பவருக்கு அவை சலுகை காட்டுகின்றன. அங்கே கடனின் தொகையைவிடக் கடனாளியின் நடத்தையே பெரிதாக மதிக்கப்படுகிறது.

நமது மார்க்கம் காட்டும் வழியும் இதுவே. கடனை எழுதி வைத்துச் சாட்சி நிறுத்தச் சொல்லும் வசனமே திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம். கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படியும் அதே அத்தியாயம் கட்டளையிடுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடனிலிருந்து அடிக்கடி இறைவனிடம் பாதுகாப்புத் தேடினார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன் மனிதனைப் பொய்யனாகவும் வாக்குத் தவறியவனாகவும் ஆக்குவதைச் சுட்டிக் காட்டினார்கள். பாதுகாப்பு அனுமதி வழங்கும் அதிகாரிகள் இன்று அஞ்சுவதும் அந்தப் பொய்யைத்தான். எழுதப்பட்ட கடன் எல்லோருக்கும் தெரிந்த கடன். அதைச் சொல்லி ஒருவரை மிரட்ட முடியாது. ஒளித்து வைத்த கடனோ, கண்டவன் கையில் கொடுத்த கயிறு.

வழி இல்லாமலும் இல்லை. வட்டிக் கடையில் சிக்கித் தவித்த அரசாங்க ஊழியருக்காகவே 1925-இல் சிங்கப்பூரின் முதல் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அன்றைய ஊழியர்கள் ஒருவருக்கொருவர் சேமிப்பாலும் கடனுதவியாலும் கைகொடுத்தார்கள். இன்றும் கடன் ஆலோசனை வழங்கும் அமைப்பு இருக்கிறது. ஈடில்லாக் கடன் 150,000 வெள்ளிக்கு மேற்படாதவர், திவாலாகாமல் தவணையில் அடைக்கச் சட்டத்தில் ஒரு திட்டமும் உண்டு. உரிமம் பெற்ற வட்டிக் கடையில் மாத வட்டி நூற்றுக்கு நான்குக்கு மேல் போகலாகாது என்று 2015 முதல் வரையறை இருக்கிறது. உரிமம் இல்லாதவனிடம் போனவருக்கோ இந்தப் பாதுகாப்பு எதுவுமில்லை. இரவோடிரவாக வீட்டுச் சுவரில் சாயம் பூசுவதே அவனுடைய நோட்டீசு.

வியாபாரப் பெருமக்களுக்கு நாம் சொல்லிக் கொள்வது இவ்வளவே. மகளின் நிக்காஹை ஊர் மெச்ச நடத்த வேண்டும் என்பதற்காக, உத்தியோகத்தில் உள்ள மருமகனைக் கடனில் இறக்காதீர்கள். சொந்தக்காரர் என்ற தாட்சண்யத்துக்காக அவரிடம் ஜாமீன் கையெழுத்துக் கேட்காதீர்கள். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால், ஜாமீன் நின்ற பாவத்துக்கு அவருடைய கணக்கில் ஏறிவிடும். உங்களிடம் பாக்கி வைத்தவர் தாமே வந்து நிலைமையைச் சொன்னால், நாலு பேர் நடுவில் அவர் முகத்தை வாட விடாதீர்கள். தவணை எழுதிக் கொள்ளுங்கள். கடைப் பையன் முன்பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன் காரணத்தைக் கனிவோடு விசாரியுங்கள். கஷ்டம் வந்த அன்றே நம்மிடம் வாய் திறந்து சொல்லலாம் என்ற தைரியம் நம் வீட்டுப் பிள்ளைக்கும் கடை ஆளுக்கும் இருக்குமானால், அவரிடம் ஒப்படைத்த அமானிதம் காப்பாற்றப்படும். சாவியை அவர் கையில் நம்பிக் கொடுக்கலாம்.